ஒரு வீட்டு ஓட்டு

வந்தவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல் படியிறங்கினார்கள்.

எழவு வீட்டில்தான் அப்படிப் போவார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருடமாக இந்த ஊருக்கு அவள்தான் பிரசிடெண்ட். நேற்று ஓட்டு எண்ணி முடித்தபோது நாலே நாலு ஓட்டில் போய்விட்டது.

நாலு ஓட்டு. ஒரு வீட்டு ஓட்டு.

எந்த வீடோ! வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரும், தங்கள் வீட்டு ஓட்டு அம்புட்டும் அவளுக்குத்தான் என்று கேட்காமலே சொன்னார்கள். இவர்களை யார் கேட்டது?

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஜெயித்தவள் மாரீஸ்வரி. அந்நியம் இல்லை, சின்னம்மா மகள்தான். வேட்புமனு போட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அடுத்த தெருவில், மாரீஸ்வரி வீட்டு வாசலில் வெடிச் சத்தம் இன்னும் ஓயவில்லை.

கொழுந்தன் குருவையா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். விடிந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டு.

“செல்லாத ஓட்டுன்னு ஒதுக்குனதே முப்பதுக்கு மேல மதினி. கேஸ் போடுவோம். அதுவரைக்கும் தோத்துட்டேன்னு மட்டும் ஒங்க வாயால சொல்லிராதீக. சொன்னா முடிஞ்சுது.”

அவள் சொல்லவில்லை. நேற்றிலிருந்து எதையுமே சொல்லவில்லை.

போன் அடித்தது. மேட்டுத்தெரு சடையம்மா. மேட்டுத்தெரு மொத்தமும் மாரீஸ்வரி பக்கம் நின்றது ஊருக்கே தெரியும்.

“பிரசிடெண்டக்கா, ரெண்டு நாளா தண்ணி வரலக்கா. ஓட்டு ஓட்டுன்னு ஒருத்தனும் வால்வத் தொறக்கல. பிள்ளைகளுக்குக் குடிக்கக்கூடச் சொட்டுத் தண்ணியில்ல.”

அடிப்பாவி! எந்த வாயால் பிரசிடெண்டக்கா என்கிறாள்!

வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். குருவையா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“நான் இல்லத்தா பிரசிடெண்ட். நான் தோத்துட்டேன். மாரீஸ்வரிகிட்டச் சொல்லு.”

சொல்லிவிட்டாள். குருவையா தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அந்தப் பிள்ளைக்கு எந்த வால்வுன்னு எங்கக்கா தெரியும்?” என்றாள் சடையம்மா.

அதுவும் சரிதான். அந்த வால்வு ஓடைக்கரை முள்ளுக்குள் கிடக்கிறது. ஐந்து வருடம் பிரசிடெண்டாக இருந்த அவளுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவனுக்கும் மட்டும்தான் இடம் தெரியும். அவன் நேற்றைய கொண்டாட்டத்தில் எங்கே விழுந்து கிடக்கிறானோ.

போனை வைத்தாள். மறுபடி எடுத்து, மாரீஸ்வரியின் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஒரே வெடிச் சத்தம். பிறகு அது தூரமாகப் போனது. கதவைச் சாத்தியிருப்பாள்.

“மேட்டுத்தெருவுக்குத் தண்ணி வரலையாம். ஓடைக்கரைக்கு வா. வால்வக் காட்டுறேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து “அக்கா” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தேம்பித் தேம்பி அழுகிறாள் மாரீஸ்வரி.

ஜெயித்தவளுக்கு என்ன அழுகை வேண்டிக்கிடக்கிறது!

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே அழட்டும் என்று விட்டுவிட்டாள்.