ஒரு வாய் தண்ணீர்

"அடிப்பாவி! என்ன காரியம் பண்றே?"

அக்கா போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

தம்பி பெண்டாட்டி ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் டம்ளருமாக விழித்தாள். தம்பி குளிக்கப் போயிருந்தான். பத்து மணிக்கு அவனுக்கு ஆபரேஷன். காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்து, கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் காலே போய்விடும்.

"தலைமாட்டுல கொட்டை எழுத்துல எழுதி மாட்டியிருக்கே, வெறும் வயிறுன்னு. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"அண்ணி, இது நெஞ்சுக்கான மாத்திரை. இதை மட்டும் ஒரு வாய் தண்ணில..."

"எனக்கே பாடமா? தாயில்லாப் பிள்ளைய இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். நீ நேத்து வந்தவ!"

வெடுக்கென்று மாத்திரையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ரத்தம் குடுக்க வந்தவங்க கீழ நிக்கறாங்க. போய் அந்த வேலையைப் பாரு."

"சரி அண்ணி. நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க..."

கொஞ்ச நேரத்தில் நர்ஸே வந்தாள். "மாத்திரையெல்லாம் ஆச்சாம்மா?"

"எல்லாம் நான் பார்த்தாச்சு. நீங்க போங்க."

ஒன்பதரைக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து தம்பியின் கையைப் பிடித்தார். முகம் மாறியது.

"துடிப்பு நூத்திப் பத்தா? காலைல மாத்திரை போடலையா?"

"இல்லையே டாக்டர்" என்றான் தம்பி.

"மூணு வாரமா அதை எதுக்குக் குடுக்கறோம்? ஆபரேஷன் மேஜையில மாரடைப்பு வந்துடக் கூடாதுன்னுதான். இன்னைக்குப் பார்த்தா நிறுத்தறது? யார் பொறுப்பு இங்க?"

அக்காவின் பார்வை குப்பைக்கூடைக்குப் போனது.

"நான்தான் டாக்டர். மறந்துட்டேன்." வாசலில், மாடியேறி வந்த மூச்சிரைப்போடு தம்பி பெண்டாட்டி.

டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். போதாக்குறைக்குத் தம்பியும் சேர்ந்துகொண்டான்.

"அக்காகிட்ட விட்டிருந்தா இப்படி ஆகுமா? உனக்கு எதுலதான் கவனம் இருக்கு?"

அக்கா சுவரைப் பார்த்தாள். வாய் வரை வந்த உண்மையை எச்சிலோடு விழுங்கினாள்.

"இப்பவே ஒரு வாய் தண்ணில குடுங்க. துடிப்பு இறங்கினா கடைசி ஆளா எடுக்கறேன். இறங்கலேன்னா இன்னைக்கு இல்ல" என்றார் டாக்டர்.

மூன்று மணிக்குத்தான் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. தள்ளுவண்டியில் போகும்போது தம்பி அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். கதவு மூடியது.

அக்காவுக்குத் தலை நிமிரவில்லை.

"ஏன்டி... நான்தான் தடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே?"

"ராத்திரியெல்லாம் பயந்து நடுங்கினார் அண்ணி. 'அக்கா இருக்கா, அவ பார்த்துப்பா'ன்னு சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடினார்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தைரியமும் அவர் நெஞ்சுக்கு ஒரு மாத்திரைதானே? அதையும் இன்னைக்கு நான் பிடுங்கிக் குப்பையில போடவா?"