வடக்குச் சுவர்

"இந்தச் சுவரை இன்னிக்கு இடிச்சே ஆகணும்ப்பா. ஒண்ணு இங்க ஜன்னல் வரணும், இல்லேன்னா நான் இந்த வீட்டுக்கு வர்றது இதோட கடைசி."

மகள் இதைச் சொன்னபோது வெளியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் விளக்கு என்பது அந்த வீட்டில் வழக்கம்தான்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் செருப்பு இன்னும் வாசல் மூலையில் ஜோடியாகக் கிடந்தது. அடி தேயாத செருப்பு.

"வேண்டாம்னு தோணுது," என்றார்.

"ஏன்? ஊர் சிரிக்குமேன்னா? அது சிரிச்சு முடிச்சு எத்தனையோ வருஷமாச்சு."

அது உண்மைதான். பிழைக்க வந்த நாட்டில் அப்பா கட்டட வடிவமைப்பாளர். அக்கம்பக்கத்தில் வேறு வீடே இல்லாத காலத்தில், வந்த சூட்டோடு அவர் தனக்காகக் கட்டிய முதல் வீடு இது. அவர் பிறந்த நாட்டில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், பூமியின் தென்பாதியிலிருக்கும் இங்கே வடக்கே. அது தெரியாமல் ஜன்னல்களையெல்லாம் தெற்கே வைத்துவிட்டு, வெயில் வரும் வடக்கை மொட்டைச் சுவராக மூடிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. 'தெற்குக்காரர்' என்ற பட்டம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அதற்குப் பிறகு அவர் கட்டியதெல்லாம் வேறு ரகம். இந்த வட்டாரத்துக் கல், இந்த வட்டாரத்து மரம், வெயிலை வேண்டிய அளவுக்கு அளந்து ஊற்றுகிற ஜன்னல். இங்கேயே பிறந்தவர்களுக்குக் கைவராத வட்டாரப் பாணி, வந்தேறிக்குக் கைவந்தது. இருந்தும் என்ன? நகர மன்றக் கட்டடத்துக்கு ஆள் தேடியபோது, "முதல்ல அவருக்கு ஒரு திசைகாட்டி வாங்கிக் கொடுங்க" என்று குழுவில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அப்பாவும் கூடவே சிரித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

சம்மட்டியோடு நின்ற கொத்தனார் இறுக்கத்தைத் தளர்த்தப் பார்த்தார். "என் வீடும் சார் போட்ட பிளான்தான், தங்கச்சி. குளிர்காலத்துல எங்க பூனை அடுப்பங்கரைப் பக்கமே வராது. ஜன்னலோரமே கதின்னு கிடக்கும். இந்த வீட்டுல பூனை வளர்த்தா டார்ச் அடிச்சுத்தான் தேடணும்!"

அவரே சிரித்து, அவரே நிறுத்திக்கொண்டார்.

"கேட்டீங்களாப்பா? ஊர்ப் பூனைக்குக்கூட வெயில் கொடுத்தீங்க. அம்மாவுக்கு மட்டும் கிடையாது. செஞ்ச தப்பைத் திருத்தினா கௌரவம் போயிடும் உங்களுக்கு. இந்த இருட்டுல கிடந்து கிடந்து அவ வெயிலையே மறந்துட்டா. கடைக்குப் போறதுகூட பொழுது சாய்ஞ்சப்புறம்தான். என் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ஒரு தடவை வந்திருக்காளா?"

அப்பா வாசல் மூலையில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொன்னார்? வெயிலே படாத உடம்பு, எலும்பு பஞ்சாப் போச்சுன்னார். வழுக்கி விழுந்தவங்க எல்லாரும் சாகறதில்லப்பா. அம்மா செத்தா."

"அவர் சொன்னது சரிதாம்மா."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கடைசி விலையைச் சொல்லிவிட்டுக் கடைப்படி இறங்குகிறவர், முதுகைக் காட்டியபடியே காதை மட்டும் பின்னால் விட்டு வைத்திருப்பாரே, அந்த மாதிரி. கூப்பிடுகிற குரல் வரவில்லை.

"இடிங்கண்ணே," என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "இடது ஓரத்துல, தோள் உயரத்துலேர்ந்து ஆரம்பிங்க. சுலபமா வரும்."

கொத்தனார் பூச்சைக் கொத்தினார். தூசி கூடத்தை நிறைத்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

"தங்கச்சி, இங்க வந்து பாருங்க. மேல லிண்டல் ஓடுது. ஜன்னல் இருந்தாத்தான் அது மேல பாரம் தாங்க இதைப் போடுவாங்க. கீழ ஜன்னல் கட்டையும் இருக்கு. கட்டும்போதே இந்தச் சுவர் முழுக்க ஜன்னல் விட்டிருக்காங்க! நடுவுல இருக்கற செங்கல் அப்புறமா வெச்சு அடைச்சது. அடைச்சது கொத்தனாரும் இல்ல. வரிசை எல்லாம் கோணல்மாணல்."

மகள் திரும்பினாள். அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... உங்களுக்குத் திசை தெரிஞ்சிருந்ததா?"

"வீடு கட்டறவனுக்கு அதுகூடவா தெரியாமப் போகும்?"

"பின்னே ஏன்ப்பா அடைச்சீங்க?"

"பூச்சு வேலை பாக்கி இருந்தப்பவே அம்மா ஊர்லேர்ந்து வந்துட்டா. முதல் வாரம் இந்த ஜன்னலோரம் ஆசையா உட்கார்ந்தா. முகமும் கையும் கொப்பளிச்சுப் போச்சு. அதுலேர்ந்து வெயில் பட்டாலே கொப்புளம், காய்ச்சல். குடியுரிமைக்கு உடம்புப் பரிசோதனை வேற வரப்போகுது. தீராத நோய்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. நீ அப்போ வயித்துல. பின்னால தெரிஞ்சாலும் உன் குடியுரிமையையும் சேர்த்துப் பிடுங்கிடுவாங்கன்னு, கடைசிவரைக்கும் என் வாயைத் திறக்க விடலை அவ."

சம்மட்டியைக் கொத்தனார் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"ஒரு திரை போட்டிருக்கலாமேப்பா..." என்றாள் மகள்.

"பகல்ல திரை போட்டு வெச்சா, யாருக்கு என்ன உடம்புன்னு எட்டிப் பார்ப்பாங்கம்மா. பிழைக்க வந்தவன் திசை தெரியாமக் கட்டிட்டான்னா, சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."