பித்தளைப் பூட்டின் காவல்

ஓர் ஆஸ்பத்திரியின் பழைய கேஸ் ஷீட்டுகள் கிடந்த பீரோவுக்குப் பித்தளைப் பூட்டு ஒன்று காவல். அதற்குத் தன் பிடிமேல் அசாத்திய நம்பிக்கை. யார் சாவி போட்டாலும் அசைந்து கொடுக்காது. வந்தவர்கள் அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் செண்பகவல்லி என்ற பெண் வந்தாள். “என் மகளுக்கு வலிப்பு, சிஸ்டர். எங்கப்பாவுக்கும் இதே வலிப்புதான். இங்கே கொடுத்த ஏதோ ஒரு மருந்து ஒத்துக்காம அவர் உயிருக்கே ஆபத்தாயிடுச்சாம். அது எதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

பூட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் விடவில்லை. எண்ணெய் விட்டு, உலுக்கி, ஒருவழியாகத் திறந்துவிட்டாள். அப்பாவின் தாளும் கிடைத்தது. மருந்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. செண்பகவல்லி அந்த ஓட்டையையே விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

“என்னைத் தாண்டி உள்ளே வந்தது எவன்?” என்று பூட்டு சீறியது.

“யாரும் வரலை அண்ணே, நாங்க உள்ளேயே பிறந்து வளர்ந்தவங்க” என்றது, தாள் தின்று கொழுத்த ராமபாணப் பூச்சி. “நீங்க இருக்கிற தைரியத்துலதான் தலைமுறை தலைமுறையா நிம்மதியாச் சாப்பிடுறோம். ஒரு கை வந்து எங்களைத் தட்டினதில்லை.”

பூட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நர்ஸ் பீரோவைச் சாத்தி அதை மாட்டியதும், முன்னைவிட இறுக்கமாகப் பூட்டிக்கொண்டது.