தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா

வீடு வாங்குகிறவர்கள் கையில் இப்போது ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். எந்த ஏரியா நமக்கு ஒத்துக்கொள்ளும் என்று நம் உடம்பைக் கேட்டு அதுவே சொல்லிவிடும். "எனக்கு எதுக்குங்க இது? நான் ஏரியா, ஆளுங்கன்னு பார்க்கிறவன் இல்ல," என்று தரகர் தணிகாசலத்திடம் சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டினேன்.

சென்னையில் ஐந்து இடங்கள் தட்டிப்போய், ஆறாவதாக வடசென்னையில் ஒரு வீடு. காற்று, வெளிச்சம், விலை எல்லாமே எனக்கும் என் மனைவி சுகந்திக்கும் பிடித்திருந்தது. விற்பவர் ஜெயசீலி என்ற அம்மா. பக்கத்து வீடும் அவருடையதுதான். வெயிலில் வந்திருக்கிறோம் என்று இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். சுகந்தி வாங்கிக் குடித்தாள்.

"இப்பதாங்க குடிச்சேன்," என்றேன் நான்.

கிளம்பும்போது தரகர் பட்டையைத் தட்டினார். அது எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசியது.

"இந்த ஏரியா உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் கடைசியாகத் தண்ணீர் குடித்தது காலை ஏழு மணிக்கு. கடுமையான தாகம் இருந்தும் இந்த வீட்டில் வேண்டாம் என்றீர்கள்."

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. "சில நேரம் தப்பாக் காட்டும்போல," என்று நான் இழுத்தேன்.

ஜெயசீலி உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். "இது கடையில வாங்குனது சார். குடிங்க, மயக்கம் வந்துடப் போகுது."

வாங்கிக்கொண்டேன். மூடியைத் திருகும் முன் சீல் உடையாமல் இருக்கிறதா என்று என் விரல் தானாகத் தடவிப் பார்த்தது. அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.