தரை தட்டிய படகு

குட்டித் தீவில், காற்றடிக்காத பாறை இடுக்கில், கரையோரமாகவே படகைக் கட்டினார் கணவர்.

"ஒரு மணி நேரம்தான் லீவு. சுத்திப் பார்த்துட்டு உடனே கிளம்பிடணும்."

"பத்து வருஷத்துல இந்த ஒரு மணி நேரமாவது கிடைச்சுதே!" என்று நொடித்தாள் மனைவி.

பாறைகளில் ஏறி இறங்கி, கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு திரும்பினார்கள். கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.

"போச்சு! மறுபடி தண்ணி ஏற சாயங்காலமாயிடுமே! உங்க ஆபீஸே கைகொட்டிச் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்" என்றபடி, பையிலிருந்து இரண்டு பேருக்கான சாப்பாட்டையும் ஒரு புதுப் போர்வையையும் எடுத்தார்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"ஏங்க, துறைமுகப் பலகையில தண்ணி வத்துற நேரத்தைத் தினமும் எழுதிப் போடறதே நீங்கதானே?"

"இன்னைக்கும் நான்தான் எழுதினேன்" என்று போர்வையை விரித்தார்.