மூடுபனிக்குப் பின்னால் பறவைப் பாறை

சீல் என்னும் கடல்நாய் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. படகின் மூக்கே தெரியவில்லை. கிரீன்லாந்தின் இந்த மலையிடுக்குக் கடலில் சுற்றிலும் பனிப்பாறைகள் மிதக்கின்றன. ஆர்னங்குவாக் இஞ்சினை அணைக்கிறாள். "என்னக்கா, இங்கேயே குடித்தனம் பண்ணப்போறியா?" என்றபடி தம்பி மிக்கிலி படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறான். "வாயை மூடிட்டுக் காதைத் தீட்டிக்கடா." நீரில் கரையும் பனிக்கட்டிகள் படபடவென்று பொரிகின்றன. அதற்கும் அப்பால், இடப்பக்கம், உலை கொதிப்பதுபோல் ஓர் இரைச்சல். கூடவே பறவை எச்சத்தின் காரநெடி. "பறவைப் பாறைச் சத்தம்டா. அங்கதான் நம்ம கரை," என்று துடுப்பை எடுக்கிறாள். இருபது முறை வலித்ததும் மூடுபனி கிழிகிறது. ஆயிரம் அடிச் செம்பாறை செங்குத்தாக நிற்கிறது. விளிம்பெல்லாம் பறவைகள், உச்சியில் வெயில். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் பாறையை மிக்கிலி அண்ணாந்து பார்க்கிறான். "எவ்ளோ பெரிசுக்கா!"