பெண்கள் பக்கத்து மறுபாதி

அன்று சிற்றாலயத்தில் இருந்தவர்கள்: நான், என் பெரியப்பா சின் ஃபுக்-லின், அவருடைய மகன்கள் இருவர், பாரம்பரியச் சின்னங்கள் அலுவலகத்திலிருந்து படகில் வந்த லாவ். பெண் ஒருத்திகூட இல்லை.

ஜெபம் முழுமையாக நடக்கவில்லை என்றால் ஆலயத்தை அருங்காட்சியகமாக்கிவிடுவார்கள். அதைப் பார்க்கத்தான் லாவ் வந்திருந்தார். ஹக்கா சீனர்களான எங்கள் தீவு ஊரில், ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று முறை வரும் மரியன்னை ஜெபத்தின் முதல் பாதியை இடப்பக்கத்து ஆண்கள் சொல்வோம். மறுபாதி வலப்பக்கத்துப் பெண்களுடையது, அதை ஆண் சொல்லக் கூடாது. ஊரின் கடைசிப் பெண்ணைப் புதைத்து ஆறு வருடமாகிறது.

"பாதி ஜெபத்துக்கு ஒரு ஆலயமா பெரியவரே?" என்றார் லாவ்.

"வாய மூடிட்டு உக்காருப்பா," என்றார் பெரியப்பா.

முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினோம். வலப்பக்கத்திலிருந்து மறுபாதி வந்தது. ஐம்பத்து மூன்று முறையும் வந்தது. அந்தப் பக்கத்துப் பெஞ்சுகள் காலியாகவே இருந்தன.

லாவ் குனிந்து பெஞ்சுகளுக்கு அடியில் ஸ்பீக்கர் தேடினார். ஒன்றும் இல்லை.

"முழுசா நடந்துச்சில்ல? அத எழுது," என்றார் பெரியப்பா.

"எழுத மாட்டேன். நாளைக்கு ஆளுங்க வந்து எல்லாத்தையும் எடுத்துடுவாங்க."

"வரட்டும். உள்ள இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டு எடுக்கட்டும்."

நாங்கள் நால்வரும் வெளியே வந்து படியில் நின்றோம். லாவ் கடைசியாக வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உட்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.